நெஞ்சுக்கு நடுவுல ஒரு பம்ப்: இதயம் எப்படி ஓடுது, நின்னா நாம என்ன செய்யணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

உடம்பைப் பற்றி அடிப்படையிலிருந்து பேசுகிற நம்ம தொடர்ல இன்னைக்கு இதயம். பயாலஜி படிச்சு பல வருஷம் ஆச்சு, இல்ல படிச்சதே இல்ல, அப்படின்னாலும் பரவாயில்லை. பூஜ்யத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல்ல ஒரு சின்ன வேலை. பஸ்லயோ மெட்ரோவுலயோ இருந்தா பக்கத்துல இருக்கிறவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க, பார்க்கட்டும். உங்க இதயத்து மேல கையை வையுங்க.

வெச்சாச்சா? உங்கள்ல பெரும்பாலானவங்க இடது மார்புல வெச்சிருப்பீங்க. நம்ம சினிமா ஹீரோக்கள் எல்லாருமே அங்கதான் வைப்பாங்க. ஆனா இதயம் இருப்பது நெஞ்சின் நடுவில். இரண்டு நுரையீரலுக்கும் இடையில், மார்புக் கூட்டின் நடுவே நெட்டாகப் போகிற நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. அதன் கீழ் முனை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்த முனைதான் துடிக்கும்போது விலா எலும்புக்கு அருகில் வந்து தட்டும். அதனால்தான் நமக்கு இடது பக்கம் துடிக்கிற மாதிரித் தோணுது.

இப்போ கையை நடுவுக்கு நகர்த்துங்க. இந்த இடத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. எபிசோட் முடியறதுக்குள்ள இங்க திரும்பி வருவோம்.

ஒரு சாயங்காலம், ஒரு பிளாட்பாரம்

இந்த எபிசோடுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைச் சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, சாயங்காலம் ஆபீஸ் விடுற நேரம். லோக்கல் டிரெயினுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். எனக்குப் பத்தடி தள்ளி ஒருத்தர் நின்னுட்டு இருந்தார். ஐம்பது வயசு இருக்கும், தோள்ல ஆபீஸ் பை. திடீர்னு அப்படியே சரிஞ்சு விழுந்துட்டார். கையும் காலும் கொஞ்ச நேரம் வெட்டி வெட்டி இழுத்துச்சு. வாய் திறந்து, தண்ணிக்கு வெளியே விழுந்த மீன் மாதிரி, ரொம்ப இடைவெளி விட்டு ‘ஹக், ஹக்’னு ஒரு சத்தம்.

ஒரு கும்பல் கூடிடுச்சு. “வலிப்பு, வலிப்பு. சாவி குடுங்க சார், சாவி!”னு ஒருத்தர் கத்தினார். யாரோ பைக் சாவிக் கொத்தை அவர் கையில திணிச்சாங்க. இன்னொருத்தர் முகத்துல தண்ணி தெளிச்சார். பூ விக்கிற அம்மா ஒருத்தவங்க என்னைப் பார்த்து, “தம்பி, சும்மா நிக்கிறியே, யாருக்காச்சும் போன் போடுப்பா”ன்னாங்க. அப்பதான் எனக்கே உறைச்சது. 108க்கு அடிச்சேன். அது ஒண்ணுதான் அன்னைக்கு நான் செஞ்ச உருப்படியான காரியம். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பத்துப் பதினைஞ்சு பேர் அவரைச் சுற்றி நின்னோம். நின்னோம், அவ்வளவுதான்.

அவருக்கு வந்தது வலிப்பா, வேற ஏதாவதான்னு நான் இன்னைக்கு முடிவு பண்ண முடியாது. ஆனா ஒண்ணு நிச்சயம். அவர் மூச்சு விடுறாரான்னு எங்கள்ல ஒருத்தர் கூடப் பார்க்கலை. எப்படிப் பார்க்கணும், எதுக்குப் பார்க்கணும்னு யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சு, ஒரு பயிற்சி வகுப்புக்கும் போய், நான் புரிஞ்சுக்கிட்டதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட சொல்லப்போறேன்.

ரெண்டு பம்ப், ஒரே வீடு

இதயம் ஒரு தசை. உங்க கையை முஷ்டி பிடிச்சா எவ்வளவு இருக்குமோ, சுமார் அந்த அளவு. எடை கிட்டத்தட்ட 300 கிராம்.

இதை ஒரு பம்ப்னு சொல்றோம். உண்மையில் அது இரண்டு பம்ப். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நடுவில் ஒரு சுவர். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை, ஆக மொத்தம் நான்கு அறைகள். மேலறை ரத்தத்தை வாங்கும், கீழறை அதை வெளியே தள்ளும்.

வலது பம்புக்கு வேலை கொஞ்சம் சுலபம். உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் ரத்தத்தைப் பக்கத்து வீடான நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். இடது பம்புக்குத்தான் கஷ்டம். நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வரும் ரத்தத்தை உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரைக்கும் தள்ளியாக வேண்டும். அதனால் இடது கீழறையின் சுவர் வலதைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும்.

தள்ளின ரத்தம் திரும்பி வந்துடக் கூடாது இல்லையா? அதுக்குத்தான் வால்வுகள். ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவு மாதிரி. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிற ‘லப்-டப்’ சத்தம் அந்தக் கதவுகள் மூடும் சத்தம்தான். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வுகள் மூடும்போது ‘லப்’. கீழறையிலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலில் இருக்கிற வால்வுகள் மூடும்போது ‘டப்’.

இப்போ ஒரு கணக்கு. ஒரு துடிப்புக்கு இடது கீழறை தள்ளுவது சுமார் 70 மில்லி. ஒரு சின்ன டீ கிளாஸ் அளவுன்னு வெச்சுக்கலாம். நிமிஷத்துக்கு சுமார் 70 துடிப்பு. பெருக்கிப் பாருங்க, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். பெரியவங்க உடம்பில் மொத்தம் இருக்கிற ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். அப்படின்னா, நீங்க சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உங்க மொத்த ரத்தத்துக்குச் சமமான அளவு நிமிஷத்துக்கு ஒரு தடவை இதயத்தைக் கடந்து போகுது.

வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் தெரியும்ல? உங்க இதயம் அதை நாலு நிமிஷத்துல நிரப்பிடும். இந்த நாலு நிமிஷத்தையும் மனசுல வெச்சுக்கோங்க.

இதே மாதிரி ஒரு கணக்குதான் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. கல்லீரல் ரத்தத்தைப் புதுசு புதுசாகத் தயாரிக்கிறது, உடம்பு அதைத் தீர்த்துவிடுகிறது என்று ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1628ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் ரத்தத்தைக் கணக்குப் போட்டால், அது உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வருகிறது. அவ்வளவையும் புதுசாகத் தயாரிக்கவே முடியாது. ஆகவே ஒரே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்றார். சுற்றுது என்பதுதான் முக்கியம். சுற்று நின்னா, உள்ளே எவ்வளவு ரத்தம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கரண்ட் எங்கிருந்து வருது?

சரி, இந்தத் தசையை யார் துடிக்கச் சொல்றாங்க? மூளையா?

இல்லை. கை, கால் தசையெல்லாம் மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்கும். இதயம் அப்படி இல்லை. அதுக்குள்ளேயே சொந்தமா ஒரு ஜெனரேட்டர் இருக்கு. வலது மேலறையின் மேல் பகுதியில் ஒரு சின்ன செல் கூட்டம், பெயர் எஸ்.ஏ. நோடு. லண்டனில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் இதைப் பற்றி 1907ல் எழுதினார்கள்.

அந்த செல்கள் தாமாகவே ஒரு சின்ன மின் தூண்டலை உருவாக்கும். அது முதலில் மேலறைகளில் பரவும், அவை சுருங்கும். பிறகு நடுவில் இன்னொரு நோடில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நிற்கும். ஏன் அந்தத் தாமதம்? மேலறையிலிருக்கும் ரத்தம் முழுசாகக் கீழே இறங்க நேரம் வேண்டும். அதற்குப் பிறகு மின்சாரம் கீழறைகளுக்குப் பாயும், அவை ஒன்றாகச் சேர்ந்து சுருங்கும். ஈ.சி.ஜி. எடுக்கும்போது பேப்பரில் மேலும் கீழுமாகக் கோடு வருதே, அது இந்த மின்சாரத்தோட பயணம்தான்.

அப்போ மூளைக்கு வேலையே இல்லையா? இருக்கு. அது ஆக்சிலரேட்டர், பிரேக் மாதிரி. பயந்தா வேகம் கூடும், தூங்கினா குறையும். ஆனா எஞ்சினை ஓட்டுவது மூளை இல்லை. இதய மாற்று அறுவை சிகிச்சையில் நரம்பு இணைப்புகள் எல்லாம் துண்டிக்கப்படுகின்றன. அப்படியும் புது உடம்பில் அந்த இதயம் துடிக்கிறது. இன்னும் சொல்லப்போனால், பிரேக் நரம்பு இல்லாததால் ஓய்வில்கூடக் கொஞ்சம் வேகமாகவே துடிக்கும்.

ஆக, இதயத்துக்கு ரெண்டு விஷயம் சரியா இருக்கணும். ஒண்ணு குழாய், அதாவது அதுக்கு வர்ற ரத்தம். இன்னொண்ணு கரண்ட். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா, நம்ம ஊர்ல எல்லாரும் குழப்பிக்கிற ஒரு விஷயம் புரிஞ்சிடும்.

மாரடைப்பு வேற, இதயம் நிற்பது வேற

செய்தியில அடிக்கடி படிக்கிறோம்: ‘மாரடைப்பால் காலமானார்’. ஜிம்முல விழுந்தாலும் மாரடைப்பு, தூக்கத்துல போனாலும் மாரடைப்பு. ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற பிரச்சினையைப் போட்டு அடைச்சிட்டோம்.

மாரடைப்பு, அதாவது ஹார்ட் அட்டாக், குழாய்ப் பிரச்சினை. இதயத்துக்குள்ளேயே அவ்வளவு ரத்தம் ஓடினாலும் தன் தசைக்கு வேண்டியதை அதிலிருந்து நேரடியாக அது எடுத்துக்கொள்ள முடியாது. பேங்க்ல கேஷியர் கையில கோடிக்கணக்குல பணம் புழங்கும், ஆனா அவருக்குச் சம்பளம் தனியாத்தான் வரணும், அந்த மாதிரி. இதயத் தசைக்கான ரத்தம் கரோனரி என்கிற தனிக் குழாய்களில் வருகிறது. அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான். உள் சுவரில் வருஷக்கணக்கில் கொழுப்பு படிந்து, ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிட்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை சாக ஆரம்பிக்கும். அதுதான் மாரடைப்பு.

இந்த நிலையில் இருப்பவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார். நெஞ்சை யாரோ அமுக்குகிற மாதிரி இருக்கும். வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவலாம். வியர்த்துக் கொட்டலாம், மூச்சு வாங்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில சமயம் நெஞ்சுவலியே பெரிதாக இல்லாமல், வெறும் களைப்பு, குமட்டல், மூச்சுத் திணறல் என்று வரலாம். நம்ம வீடுகள்ல இதுக்கு உடனே ஒரு பேர் வெச்சிடுவோம், ‘கேஸ்’. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்னு. அந்த சோடாவுல போற நேரம் தசை செத்துக்கிட்டு இருக்கிற நேரம். இங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். 108க்குக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி.

கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதயம் நின்றுபோவது, வேறு. பல நேரம் அது கரண்ட் பிரச்சினையில் ஆரம்பிக்கிறது. கீழறையின் தசை நார்கள் ஒன்றாகச் சுருங்காமல், ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நடுங்க ஆரம்பிக்கும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். தேர் இழுக்கிற மாதிரி யோசிச்சுப் பாருங்க. நூறு பேர் வடத்தைப் பிடிச்சிருக்காங்க, ஆனா ஆளுக்கு ஒரு நேரத்துல இழுக்கிறாங்க. எல்லாரும் வேலை செய்றாங்க, தேர் மட்டும் நகராது. அதே மாதிரி, இதயத்தில் அசைவு இருக்கும், ஆனால் ரத்தம் வெளியே போகாது.

அப்படி ஆனால் பத்துப் பதினைந்து நொடிக்குள் நினைவு போய்விடும். மூளைக்கு ரத்தம் போகாததால் கை கால் சிறிது நேரம் வெட்டி இழுக்கலாம். பார்ப்பதற்கு வலிப்பு மாதிரியே இருக்கும். வாய் திறந்து, நீண்ட இடைவெளி விட்டு, திணறித் திணறி ஒரு சத்தம் வரலாம். பார்க்கிறவங்க ‘மூச்சு இருக்கு’ன்னு நினைச்சுப்பாங்க. அது மூச்சு இல்லை. மூளையின் அடிப்பகுதி கடைசியாகச் செய்யும் ஒரு தன்னிச்சைச் செயல். அதில் காற்று சரியாக உள்ளே போவதில்லை.

இதைப் படிச்ச அன்னைக்கு நான் புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். அந்த ‘ஹக், ஹக்’ சத்தம் திரும்பக் காதுல கேட்டுச்சு.

ரெண்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. மாரடைப்பு வந்த தசையில் கரண்ட் தாறுமாறாகி இதயம் நிற்கலாம். ஆனால் மாரடைப்பு வந்த எல்லாருக்கும் இதயம் நிற்பதில்லை. இதயம் நின்ற எல்லாருக்கும் மாரடைப்பு வந்திருக்கும் என்றும் இல்லை.

ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், யூரோ கோப்பையில் டென்மார்க் - பின்லாந்து ஆட்டம். முதல் பாதி முடியும் நேரம், டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலே மைதானத்தில் சரிந்து விழுந்தார். வயசு 29. மருத்துவக் குழு அங்கேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கியது, ஷாக் கொடுத்தது. அணித் தோழர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்று கேமராவிடமிருந்து மறைத்துக்கொண்டார்கள். மைதானத்தைவிட்டு வெளியே போகும்போது அவருக்கு நினைவு திரும்பியிருந்தது. அடுத்த வருஷமே திரும்ப ஆட வந்தார். 2024 யூரோ கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக கோலும் போட்டார்.

அந்த மைதானத்துல சுற்றி நின்னவங்களும் ஒரு கூட்டம்தான். எங்க பிளாட்பாரத்துல நின்னதும் ஒரு கூட்டம்தான். அங்க நடுவுல ஒருத்தர் நெஞ்சை அழுத்திக்கிட்டு இருந்தார்.

நாலு நிமிஷக் கணக்கு

ஏன் இவ்வளவு அவசரம்? காரணம் மூளை.

உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம். ஆனால் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் கிடையாது. மாசச் சம்பளம் வந்த அன்னைக்கே மொத்தமா செலவு பண்ற ஆள் மாதிரி. தசை கொஞ்ச நேரம் ஆக்சிஜன் இல்லாமல் சமாளிக்கும். மூளை செல் சமாளிக்காது. ரத்த ஓட்டம் நின்று சுமார் நான்கு நிமிடத்திலிருந்து அங்கே நிரந்தரச் சேதம் ஆரம்பிக்கலாம்.

நெஞ்சை அழுத்துவதும் ஷாக் கொடுப்பதும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நம்ம ஊர் டிராஃபிக்ல நாலு நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வந்து சேருமா? உலகத்துல பெரும்பாலான நகரங்கள்லயும் இதே நிலைமைதான். ஆக, அந்த நாலு நிமிஷமும் பக்கத்துல நிக்கிறவங்க கையிலதான் இருக்கு.

அழுத்தினா ரத்தம் ஓடுமா?

‘நெஞ்சை வெளியிலேர்ந்து அழுத்தினா உள்ள ரத்தம் எப்படி ஓடும்’னு உங்களுக்குச் சந்தேகம் வரலாம். டாக்டர்களுக்கே ரொம்ப நாள் அந்தச் சந்தேகம் இருந்தது. 1950கள் வரைக்கும் இதயம் நின்றால், நெஞ்சைக் கத்தியால் திறந்து, கையை உள்ளே விட்டு இதயத்தைப் பிசைவதுதான் வழி. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே விழுந்தவருக்கு வாய்ப்பே இல்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். வில்லியம் கூவன்ஹோவன் என்று ஒருவர். அவர் டாக்டர் இல்லை, எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர். ஷாக் கொடுத்து இதயத்தைச் சரிசெய்யும் கருவியை நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார். கூட இருந்த கை நிக்கர்பாக்கர் என்ற மாணவர் ஒன்றைக் கவனித்தார். ஷாக் கொடுப்பதற்கு முன்பே, கருவியின் கனமான தகடுகளை மார்பில் வைத்து அழுத்தும்போது நாயின் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. அந்த ‘கொஞ்சம்’தான் எல்லாமே. ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்துகொள்ள, மூவரும் 1960ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து அழுத்தினாலே போதும் என்பதுதான் அதன் சாரம். இன்றைய சி.பி.ஆர். அங்கிருந்து வளர்ந்தது.

இதயம் முன்னால் நெஞ்செலும்புக்கும் பின்னால் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கிறது. எலும்பைக் கீழே அழுத்தினால் மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்திலிருக்கும் ரத்தம் வெளியே போகும். விட்டால் மறுபடி நிரம்பும். வால்வுகள் இருப்பதால் ரத்தம் சரியான திசையில்தான் போகும். இப்படி நல்லா அழுத்தினால்கூட வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால்வாசி, அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். குறைவுதான். ஆனா மூளையைக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்க அது உதவும்.

கையை எங்கே, எப்படி?

இப்போ ஆரம்பத்துல கை வெச்ச இடத்துக்குத் திரும்புவோம்.

ஒருத்தர் விழுந்து கிடக்கிறார். முதல்ல இடம் பாதுகாப்பானதான்னு பாருங்க. தோளைத் தட்டி, சத்தமா “சார், கேக்குதா?”னு கூப்பிடுங்க. பதில் இல்லையா? நெஞ்சு ஏறி இறங்குதான்னு பத்து நொடிக்கு மேல போகாம பாருங்க. மூச்சு இல்லை, இல்ல திணறல் சத்தம் மட்டும்தான் வருது. அப்படின்னா இதயம் நின்னுடுச்சுன்னு எடுத்துக்கோங்க.

கூட்டத்தைப் பார்த்து “யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க”ன்னு சொல்லாதீங்க. யாராவதுன்னு சொன்னா யாரும் செய்ய மாட்டாங்க. ஒருத்தரைக் கை காட்டி, “நீலச் சட்டை அண்ணா, நீங்க 108க்குப் போடுங்க”ன்னு சொல்லுங்க. நீங்க தனியா இருந்தா போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வெச்சிடுங்க.

அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தை, சோபா கூடாது. அழுத்தம் மெத்தைக்குப் போய்விடும். பக்கத்தில் முட்டி போட்டு, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நடுவில் வையுங்கள். இன்னொரு கை அதன் மேல். முழங்கை மடங்கக் கூடாது. தோள் கைக்கு நேர் மேலே வரட்டும். கை பலத்தால் அழுத்தாதீர்கள், உடம்பின் எடையை இறக்குங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு.

ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடணும். இதயம் நிரம்புவது அப்போதுதான். இன்னொன்றும் உண்டு. இதயத் தசை தனக்கான கரோனரி ரத்தத்தைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான். மேல வர விடாம அழுத்திக்கிட்டே இருந்தா அதுக்குச் சாப்பாடு போகாது.

நிறுத்தக் கூடாது. அழுத்த அழுத்தத்தான் ரத்த அழுத்தம் படிப்படியாக ஏறும். நிறுத்தினால் சட்டென்று விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ரெண்டு நிமிஷத்துல உங்களுக்கு மூச்சு வாங்கும். அப்போ இன்னொருத்தர்கிட்ட மாத்திக்கோங்க. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து பொறுப்பு எடுத்துக்கிற வரைக்கும் இதுதான் வேலை.

நீங்க கேட்க நினைக்கிற மூணு கேள்வி

ஒண்ணு: வாயோட வாய் வெச்சு ஊதணுமா? பயிற்சி இல்லாதவங்க, கண்ணெதிர்ல திடீர்னு விழுந்த ஒரு பெரியவருக்கு, நெஞ்சை மட்டும் அழுத்தினா போதும். அவர் விழுவதற்கு ஒரு நொடி முன்புவரை மூச்சு விட்டுக்கொண்டுதானே இருந்தார்? அவர் ரத்தத்தில் இன்னும் சில நிமிடங்களுக்கான ஆக்சிஜன் இருக்கிறது. அதை மூளைக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. தண்ணீரில் மூழ்கினவர்களும் குழந்தைகளும் வேறு. அங்கே பெரும்பாலும் மூச்சுதான் முதலில் நின்றிருக்கும், அதனால் மூச்சு கொடுப்பதும் அவசியம். அதை ஒரு வகுப்பில் கற்றுக்கொள்வதுதான் நல்லது.

ரெண்டு: விலா எலும்பு உடைஞ்சிட்டா? உடையலாம், சத்தம் கூடக் கேட்கலாம். எலும்பு சில வாரத்துல கூடிடும். ‘அவர் இதயம் ஓடிக்கிட்டு இருந்து, நான் தப்பா அழுத்திட்டா’ன்னு ஒரு பயமும் வரும். அப்படி இருந்தா அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார். நிறுத்திடுங்க. அதனால் பெரிய ஆபத்து வருவது அபூர்வம். அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்தாமல் இருந்தால் அவருக்கு அடுத்த வாய்ப்பு இல்லை.

மூணு: சினிமாவுல ஷாக் குடுப்பாங்களே? மானிட்டரில் நேர்க்கோடு ஓடும், ஷாக் கொடுத்ததும் ஹீரோ எழுந்து உட்காருவார். அது தப்பு. நேர்க்கோடுன்னா கரண்டே இல்லைன்னு அர்த்தம், அதுக்கு ஷாக் பலன் தராது. ஷாக், நடுங்குகிற இதயத்துக்குத்தான். தாறுமாறாக இழுக்கும் எல்லா நார்களையும் ஒரே நொடியில் அமைதியாக்குகிறது. அந்த அமைதியில் எஸ்.ஏ. நோடு தன் தாளத்தை மறுபடி பிடித்துக்கொள்ள வாய்ப்பு கிடைக்கிறது. ஏ.இ.டி. என்று ஒரு பெட்டி சில விமான நிலையங்களிலும் பெரிய கட்டிடங்களிலும் மாட்டியிருப்பார்கள். திறந்ததும் அதுவே குரலில் ஒவ்வொரு படியாகச் சொல்லும். ஷாக் தேவையா இல்லையா என்பதையும் அதுவே முடிவு செய்யும். உங்க ஆபீஸ்ல ஒண்ணு இருக்கான்னு நாளைக்குக் கேட்டுப் பாருங்க. இல்லைன்னா, ஏன் இல்லைன்னு கேளுங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி

நான் இன்னைக்குப் பேசினதைக் கேட்டதால மட்டும் உங்களுக்கு சி.பி.ஆர். தெரிஞ்சிடாது. பொம்மை மேல ஒரு மணி நேரம் அழுத்திப் பழகினாதான் 5 சென்டிமீட்டர்னா எவ்வளவுன்னு கைக்குப் புரியும். நானும் நாலு தடவைதானேன்னு போய், முதல் நிமிஷத்துலயே வியர்த்துட்டேன். நம்ம ஊர்ல முதலுதவி வகுப்புகள் நடக்குது. நண்பர்கள் நாலு பேரா சேர்ந்து ஒரு சனிக்கிழமை போயிட்டு வாங்க.

அதுவரைக்கும் ஒரு ஹோம்வொர்க். போன்ல மெட்ரோனோம் ஆப்பைத் திறந்து 110ல வையுங்க. அந்தத் தாளத்துக்குப் பொருந்துற, உங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டைக் கண்டுபிடிங்க. அவசரத்துல எண்ணிக்கை மறந்துபோகும், பாட்டு மறக்காது.

நான் இப்பவும் அதே ஸ்டேஷன்லதான் ஏறுறேன். அந்தப் பூக்கார அம்மா இன்னும் அங்கதான் உட்கார்ந்திருக்காங்க. “தம்பி, சும்மா நிக்கிறியே”ன்னு அவங்க கேட்டது நியாயமான கேள்வி. இன்னொரு தடவை அப்படி ஒண்ணு நடந்தா, சாவி தேட மாட்டேன். மூச்சு இருக்கான்னு பார்ப்பேன், இல்லைன்னா முட்டி போட்டு நெஞ்சுக்கு நடுவுல கையை வைப்பேன்.

இந்த எபிசோடை உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடுங்க. உங்களுக்கே ஒண்ணு ஆனா, பக்கத்துல இருக்கப்போறது அவங்கதானே?

அடுத்த வாரம் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசலாம். தண்ணி குடிச்சிட்டு வாங்க.